தைப்பிங் கிளர்ச்சி வென்றிருந்தால் சீன வரலாறு எப்படித் திரும்பியிருக்கும்?

பொருநை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீன வரலாற்றைப் படித்துக்கொண்டு வரும்போது தைப்பிங் கிளர்ச்சியில் வந்து நின்றுவிட்டேன். குவாங்டாங் மாநிலத்தில் ஒரு ஹக்கா குடும்பத்தில் 1814இல் பிறந்த ஹோங் சியூச்சுவான், அரசுப் பணித் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர். 1837இல் நோயில் கிடந்தபோது கண்ட காட்சிகளுக்கு ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு கிறித்தவப் பரப்புரை நூலில் விளக்கம் கிடைத்ததாக எண்ணி, தன்னை இயேசுவின் தம்பியென்று நம்பத் தொடங்கினார். அவருடைய நண்பர் ஃபெங் யுன்ஷான் குவாங்சி மலைப்பகுதியில் திரட்டிய இறைவழிபாட்டுச் சங்கம் 1851 ஜனவரியில் ஜின்தியான் ஊரில் கிளர்ந்தெழுந்து, 1853 மார்ச்சில் நான்ஜிங்கைப் பிடித்து, பதினோரு ஆண்டுகள் அதைத் தலைநகராக வைத்து ஆண்டது. 1864 ஜூலையில் அந்நகரம் வீழ்வதற்குள் போராலும் பஞ்சத்தாலும் கொள்ளைநோயாலும் இரண்டு கோடிப் பேருக்குக் குறையாமல் மாண்டுபோனார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

அபினுக்குத் தடை, பெண்களின் கால்களைக் கட்டிச் சிறுக்கவைக்கும் வழக்கத்துக்குத் தடை, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நிலப்பங்கு என்றெல்லாம் அறிவித்த ஓர் அரசு வென்றிருந்தால், சீனா ஜப்பானுக்கு முன்பே நவீன நாடாகியிருக்குமா? அல்லது மஞ்சு வம்சம் போய் பெரும்பான்மை ஹான் இனத்தவரின் ஒரு வம்சம் வந்தது என்ற அளவோடு முடிந்திருக்குமா? அந்த வெற்றி எந்தக் கட்டத்தில் வாய்த்திருக்கக்கூடும் என்பதையும் சேர்த்து விளக்கினால் நன்றாயிருக்கும்.


நூலகன்:

கேள்வியின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குவதே சரியென்று நினைக்கிறேன். 1853இல் வென்ற தைப்பிங் அரசும் 1861இல் வென்ற தைப்பிங் அரசும் ஒரே அரசாக இருந்திருக்க மாட்டா. என் கணிப்பில் உண்மையான வாய்ப்பு 1853இல்தான் இருந்தது.

அந்த ஆண்டு ஜனவரியில் வூச்சாங்கைப் பிடித்தவர்கள், ஆயிரக்கணக்கான படகுகளில் யாங்சி ஆற்றின் போக்கிலேயே இறங்கி, இரண்டே மாதங்களில் நான்ஜிங்கை அடைந்தார்கள். மஞ்சு வம்சமான சிங் அரசின் எண்கொடிப் படையும் பசுங்கொடிப் படையும் வழியில் அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் கலைந்தன. சிங் அதிகாரி செங் குவோஃபான் ஹூனான் மாநிலத்தில் திரட்டிய படை அப்போது உருவாகத் தொடங்கியிருந்த நிலையில், களத்துக்கு வரவே இல்லை. இப்படி எதிரி நிலைகுலைந்திருந்த நேரத்தில் தைப்பிங் தலைமை நான்ஜிங்கில் அமர்ந்துவிட்டது. அரண்மனை கட்டியது, நாட்காட்டி வெளியிட்டது, தேர்வு நடத்தியது. பெய்ஜிங்கை நோக்கி மே மாதத்தில் அனுப்பிய படையோ லின் ஃபெங்சியாங், லி கைஃபாங் ஆகிய இருவர் தலைமையில் சில பத்தாயிரம் பேரைக் கொண்டது. போதிய குதிரைப்படையும் பின்னாலிருந்து உணவு வரும் வழியும் இல்லாத அந்தப் படை, ஹுவாய்ச்சிங் நகர முற்றுகையில் ஏறத்தாழ இரண்டு மாதங்களை வீணாக்கியது. அக்டோபர் இறுதியில் அது தியான்ஜின் நகரின் விளிம்பை எட்டியபோது குளிர்காலம் வந்துவிட்டது. வடக்கின் பனியைக் கண்டறியாத தென்னாட்டு வீரர்கள், மங்கோலிய இளவரசர் செங்கே ரின்சென்னின் குதிரைப்படையிடம் சிக்கி, 1855 வாக்கில் முற்றாக அழிந்தார்கள்.

இதே பயணத்தை மார்ச் மாதத்திலேயே முழுப்படையும் மேற்கொண்டிருந்தால் சிங் பேரரசர் சியான்ஃபெங் பெருஞ்சுவருக்கு வடக்கேயுள்ள ரெஹேவுக்கு ஓடியிருப்பார். இதைத் துணிந்து சொல்கிறேன். 1860இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் நெருங்கியபோது அவர் அதையேதான் செய்தார்.

ஆனால் பெய்ஜிங்கைப் பிடிப்பது சீனாவைப் பிடிப்பதாகாது. 1644 ஏப்ரலில் பெய்ஜிங்குக்குள் நுழைந்து மிங் வம்சத்தை முடித்துவைத்த லி ஜிசெங், ஜூன் மாதத் தொடக்கத்தில் அதைவிட்டு ஓட வேண்டியிருந்தது. நிலைத்து நின்ற மாதிரி ஒன்று வேண்டுமானால் ஜூ யுவான்ஜாங்கைப் பார்க்கவேண்டும். வருங்காலப் புத்தரான மைத்ரேயரின் வருகையை எதிர்நோக்கிய வெண்டாமரை நெறியில் ஊறிய செந்தலைப்பாகைக் கிளர்ச்சியில் 1352இல் சேர்ந்த ஏழை அவர். 1356இல் இதே நான்ஜிங்கைப் பிடித்தார். அங்கிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் வலுத்தேடி, 1368இல் வடக்கே படை அனுப்பி மங்கோலிய யுவான் ஆட்சியை விரட்டி மிங் வம்சத்தை நிறுவினார். அரியணை நெருங்கியதும் அவர் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, தன்னை ஏற்றிவிட்ட நெறியையே பொய்நெறியென்று அறிவித்து, கன்பூசியக் கல்வியாளர்களைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டது. வெண்டாமரை வழிபாட்டை மிங் சட்டத்தொகுப்பு தடைசெய்தது.

ஆகவே, மதக் கிளர்ச்சி ஒன்று சீனாவில் வென்றால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறு ஏற்கெனவே ஒரு விடையைத் தந்திருக்கிறது. தைப்பிங்கும் இருபது ஆண்டுகளில் தேர்வு, மாநில ஆளுநர், நிலவரி என்ற பழைய பாதைக்கு வந்து சேர்ந்திருக்கும். 1853இல் வெளியான அதன் நிலச்சட்டம் நிலத்தை விளைச்சல்படி ஒன்பது தரங்களாகப் பிரித்தது. பதினாறு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலருக்கும் சமபங்கு வகுத்தது. இருபத்தைந்து குடும்பங்களுக்கு ஒரு புனிதக் கருவூலமும் ஒரு வழிபாட்டிடமும் என்று ஏற்பாடு செய்தது. வீட்டுக்கு ஐந்து கோழி, இரண்டு பெண்பன்றி என்பதுவரை எழுதிவைத்தது. ஆனால் கையிலிருந்த வட்டாரங்களில்கூட அது நடைமுறைக்கு வரவில்லை. படைக்குச் சோறு வேண்டியிருந்ததால், பழைய ஏடுகளின்படி நிலவரியே தண்டப்பட்டது. பல இடங்களில் நிலக்கிழார் குத்தகை வாங்குவதும் தொடர்ந்தது.


வேங்கை:

நூலகன் ஐயாவின் படைக்கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஜூ யுவான்ஜாங்கை முன்மாதிரியாக வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜூ யுவான்ஜாங் தன்னை மைத்ரேயர் என்று சொல்லிக்கொண்டவர் அல்லர். அந்த மரபின் புனித வாரிசாகக் கருதப்பட்டவர் ஹான் லின்அர் என்னும் வேறொருவர். அவருடைய பெயரில் ஜூ சில காலம் ஆண்டார். தன் பாதுகாப்பில் நான்ஜிங்குக்குக் கொண்டுவரப்பட்ட வழியில் ஹான் லின்அர் ஆற்றில் மூழ்கி இறந்துபோனது ஜூவுக்கு எவ்வளவு வசதியாக அமைந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மதம் வேறொருவரின் உடலில் குடியிருந்ததால் அவரால் அதைக் கழற்றி வைக்க முடிந்தது. ஹோங்கின் நிலை முற்றிலும் வேறு. அவருக்கு வம்சப் பெருமையோ, போர்த்திறமோ, தேர்வுப் பட்டமோ கிடையாது. கடவுளின் இரண்டாம் மகன் என்ற ஒன்றே அவருடைய ஆட்சியுரிமை. அதைக் கைவிட்டால் அவர் குவாங்டாங் சிற்றூர் ஆசிரியர் மட்டுமே. கடைசிவரை அவர் விவிலியத்தின் பக்க ஓரங்களில் தன் காட்சிகளுக்குச் சான்று எழுதிக்கொண்டிருந்ததும், குலமுதல்வர்களின் ஒழுக்கக்கேடுகளைக் கூறும் ஆதியாகமப் பகுதிகளைத் திருத்தியதும் வெறும் பித்து என்று எனக்குப் படவில்லை. அவரைப் பொறுத்தவரை அது அரசியலமைப்பு வேலை.

அதைவிடப் பெரிய சிக்கல், கடவுள் பேசுவது ஹோங்கின் வாயால் மட்டும் அல்ல என்பது. 1848இல் ஹோங் ஊரில் இல்லாதபோது, கரிசுடும் தொழிலாளியான யாங் சியூச்சிங் மெய்மறந்த நிலையில் பிதாவின் குரலாகவும், சியாவ் சாவ்குய் இயேசுவின் குரலாகவும் பேசத் தொடங்கினார்கள். திரும்பிவந்த ஹோங் அதை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொள்ளாமல் இயக்கத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது. அதற்கான விலை 1853 டிசம்பரில் தெரிந்தது. அரண்மனைப் பெண்களைக் கொடுமையாக நடத்தியதற்காகத் தேவலோக அரசரான ஹோங்குக்கே நாற்பது அடி கொடுக்கும்படி யாங்கின் வாயிலிருந்து பிதா ஆணையிட்டார். ஹோங் தரையில் விழுந்து பணிந்த பிறகே தண்டனை தள்ளுபடியானது. 1856இல் யாங் தனக்கும் 'பத்தாயிரம் ஆண்டு வாழ்க' என்ற பேரரசருக்குரிய வாழ்த்தைக் கேட்டார். செப்டம்பர் தொடக்கத்தில் மற்றொரு தைப்பிங் தலைவரான வெய் சாங்ஹுய் யாங்கையும் அவரைச் சேர்ந்த ஏறத்தாழ இருபதாயிரம் பேரையும் கொன்றார். நவம்பரில் வெய்யும் கொல்லப்பட்டார். மிகத் திறமையான தளபதியான ஷி தாகாய் மறு ஆண்டில் பெரும்படையோடு பிரிந்து போனார்.

இதைத் தோல்வியின் நெருக்கடியில் நடந்த குழப்பம் என்று யாரும் கருத வேண்டாம். அந்தக் கோடையில்தான் நான்ஜிங்குக்கு வெளியே நின்ற சிங் படைமுகாமை அவர்கள் தகர்த்திருந்தார்கள். வெற்றியின் நெருக்கத்தில் வெடித்த மோதல் அது. பெய்ஜிங் கையில் வந்திருந்தால் பங்கீடு இன்னும் பெரிதாகவும், வெளிப்பகைவர் இல்லாததால் மோதல் இன்னும் விரைவாகவும் வந்திருக்கும். பிதாவின் குரல் தெற்கிலும் மகனின் குரல் வடக்கிலுமாக இரண்டு தலைநகரங்கள் தோன்றுவதைக் கற்பனை செய்வது கடினமில்லை.

கல்வியாளர்களை அமர்த்திக்கொள்வது பற்றி ஒரு வார்த்தை. கன்பூசியக் கோயில்களை இடித்து, தேர்வில் விவிலியத்தையும் தைப்பிங் நூல்களையும் பாடமாக வைத்தவர்கள் அவர்கள். மூலநூல்களைத் திருத்தி வெளியிட ஓர் அலுவலகம் பிறகு ஏற்பட்டது உண்மையே. எனினும் 1854இல் செங் குவோஃபான் வெளியிட்ட அறிக்கை, இது சிங் அரசுக்கு வந்த ஆபத்து மட்டுமன்று, பண்டைக்காலம் தொட்டு வந்த அறநெறிக்கே நேர்ந்த பேரிடர் என்று வாதிட்டபோது, ஹூனான் மாநிலத்துப் படித்தவர்கள் அதை நம்பித் தங்கள் பிள்ளைகளையும் பணத்தையும் கொடுத்தார்கள். பேரரசர் ஓடிவிட்டாலும் இந்த எதிர்ப்பு ஓய்ந்திருக்காது.


பொருநை:

இருவருக்கும் நன்றி. வேங்கை சொல்வதைப் படித்த பிறகு, வெற்றி என்ற சொல்லைப் பயன்படுத்தவே தயக்கமாக இருக்கிறது. ஆனால் நவீனமயமாதல் பற்றிய கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. ஹோங் சியூச்சுவானின் உறவினர் ஹோங் ரென்கான் இருப்புப்பாதை, நீராவிக் கப்பல், வங்கி, அஞ்சல், செய்தித்தாள் என்று பெரிய திட்டமே முன்வைத்தாரே? ஒரு கிறித்தவச் சீன அரசை ஐரோப்பியர்கள் வரவேற்றிருக்க மாட்டார்களா?


கடலோடி:

இரண்டாவது கேள்விக்கு விடை: வரவேற்றிருக்க மாட்டார்கள். நான் வணிக வரலாற்றில் ஆர்வமுள்ளவன் என்பதால் பணக்கணக்கிலிருந்து சொல்கிறேன்.

1853 ஏப்ரலில் ஹாங்காங் ஆளுநர் ஜார்ஜ் பான்ஹம், ஹெர்மிஸ் என்ற கப்பலில் நான்ஜிங்குக்குப் போனார். கிறித்தவர் என்பதால் கிடைத்த மரியாதை ஒருபுறமிருக்க, திறை செலுத்த வந்த நாட்டின் தூதரை வரவேற்கும் நடையிலேயே அவருக்குக் கடிதம் தரப்பட்டது. உலகம் முழுவதற்கும் அரசரான கடவுளின் மகன் நான்ஜிங்கில் இருக்கும்போது விக்டோரியா அரசியை அவருக்குச் சமமாக வைப்பது அவர்களுடைய இறையியலில் முடியாத காரியம். பான்ஹம் நடுநிலைமையை அறிவித்துவிட்டுத் திரும்பினார். மதபோதகர்களின் உற்சாகமும் நீடிக்கவில்லை. ஹோங்குக்கு 1847இல் பாடம் சொன்ன அமெரிக்க போதகர் ரோபர்ட்ஸ் 1860இல் நான்ஜிங்குக்கு வந்து, 1862 ஜனவரியில் கசந்துபோய் வெளியேறி, கடுமையான சொற்களில் பழைய மாணவரைக் கண்டித்தார்.

அடுத்தது அபின். பிரிட்டிஷ் இந்திய அரசின் பெரிய வருவாய் இனங்களுள் ஒன்று அது. சிங் அரசோ 1858ஆம் ஆண்டுச் சுங்க உடன்பாட்டில் பெட்டிக்கு 30 தெயில் (சீன எடை அலகு) வெள்ளி என்று வரி வாங்கிக்கொண்டு அபினைச் சட்டப்படியான சரக்காக ஏற்றுக்கொண்டது. அபினை மதக்கட்டளையின் பெயரால் தடைசெய்த ஓர் அரசு சீனாவின் எல்லாத் துறைமுகங்களையும் கையில் வைத்திருந்தால் மூன்றாவது அபின் போர் ஒன்றைத் தவிர்த்திருக்க முடியாது. கிரிமியப் போர் 1856 வரையும் இந்தியப் பெருங்கிளர்ச்சி 1857 முதலும் ஆங்கிலேயரின் கையைக் கட்டிப்போட்டிருந்ததால், 1853இல் வென்ற தைப்பிங்குக்கு நான்கைந்து ஆண்டு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும். அதற்குமேல் கிடைத்திருக்காது.

1860இல் நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில், வடக்கே ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் சிங் அரசின் தாக்கூ கோட்டைகளைத் தாக்கிக்கொண்டிருந்தன. அதே வாரத்தில் தெற்கே ஷாங்காயில், நட்பு வரவேற்பை எதிர்பார்த்து வந்த தைப்பிங் தளபதி லி சியூசெங்கின் படைமீது அதே இரண்டு நாடுகளின் வீரர்கள் மதில்மேல் நின்று சுட்டார்கள். அக்டோபரில் கையெழுத்தான பெய்ஜிங் உடன்படிக்கை இரண்டு நாடுகளுக்கும் தலா 80 லட்சம் தெயில் இழப்பீட்டைச் சுங்க வருவாயிலிருந்து தர வேண்டுமென்றது. கடன்காரனைச் சாகவிட எந்த வட்டிக்கடைக்காரரும் விரும்புவதில்லை. அன்றுமுதல் சிங் அரசு பிழைத்திருப்பது லண்டனுக்குத் தேவையாயிற்று. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு அந்தச் சந்தை சுருங்கியபோது சீன வணிகத்தின் மதிப்பு மேலும் கூடியது. மறு ஆண்டு ஷாங்காயைச் சுற்றி நடந்த சண்டைகளில் பஞ்சாப், பம்பாய்ப் படைப்பிரிவுகளின் இந்திய வீரர்களும் இருந்தார்கள்.

அந்நியத் தலையீடு துப்பாக்கியால் மட்டும் நடக்கவில்லை. 1861 மார்ச்சில் தளபதி சென் யூசெங் வூச்சாங், ஹான்கோவ் நகரங்களின் வாசலில் நின்றபோது, ஆங்கிலேய அதிகாரி ஹாரி பார்க்ஸ் அவரைச் சந்தித்து, புதிதாகத் திறந்த வணிகத் துறைமுகத்தில் கைவைக்க வேண்டாமென்று பேசித் தடுத்தார். அந்தத் தயக்கத்தில், ஆற்றின் கீழ்ப்பகுதியில் தைப்பிங் வசமிருந்த ஆன்சிங் நகரைச் சிங் படை முற்றுகையிட்டிருந்ததைத் திசைதிருப்பும் வாய்ப்பு போயிற்று. செப்டம்பரில் ஆன்சிங் வீழ்ந்தது. நான்ஜிங்கின் மேற்குக் கதவு திறந்துகொண்டது.

இனி ஹோங் ரென்கான். இவர் கதையில் ஒரு முரண் இருக்கிறது. 1854இலேயே அவர் நான்ஜிங்குக்குப் போக முயன்று, ஷாங்காய்க்கு அப்பால் வழி கிடைக்காமல் ஹாங்காங்குக்குத் திரும்பினார். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் லண்டன் மிஷனரிச் சங்கத்தில் ஜேம்ஸ் லெகியுடன் பணியாற்றியபோதுதான் வங்கியும் காப்பீடும் செய்தித்தாளும் புத்தாக்க உரிமையும் அவருக்கு அன்றாட அனுபவமாயின. 1853இல் பெய்ஜிங் வீழ்ந்திருந்தால் அவர் உடனே அரசவைக்குப் போயிருப்பார். அந்தத் திட்டத்தை எழுதும் அறிவு அவரிடம் இருந்திருக்காது. 1859 ஏப்ரலில் திட்டத்தோடு வந்துசேர்ந்தபோது, அதை நிறைவேற்றும் அளவுக்கு அமைதியான நிலப்பரப்பு அரசிடம் இல்லை. ஹோங் சியூச்சுவான் பெரும்பாலான பரிந்துரைகளுக்கு ஓரத்தில் ஒப்புதல் எழுதினார்; செய்திகளைத் திரட்டி வெளியிடும் யோசனையை மட்டும், எஞ்சிய 'பேய்கள்' (அதாவது மஞ்சு தரப்பினர்) ஒழிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் தள்ளிவைத்தார்.

ஜப்பானோடு ஒப்பிட்டதால் ஒரு செய்தி. 1862இல் சென்சாய்மாரு என்ற கப்பலில் ஷாங்காய் வந்த ஜப்பானிய சாமுராய் தகாசுகி ஷின்சாகு, ஒரு நாட்டின் நகரத்தை அந்நியப் படைகள் அந்நாட்டு மக்களிடமிருந்தே காத்து நிற்பதைப் பார்த்து அதிர்ந்துபோய் ஊர் திரும்பி, தோகுகாவா ஆட்சிக்கெதிரான இயக்கத்தில் முன்னணிக்கு வந்தார். தைப்பிங் விரைவாக வென்றிருந்தால் ஜப்பானியருக்கு அந்தப் பாடம் அந்த வடிவில் கிடைத்திருக்காது.


நூலகன்:

ஹோங்கால் மதத்தைக் கழற்றி வைத்திருக்க முடியாது என்று வேங்கை சொல்வது வலுவான வாதம். ஆனால் வென்ற அரசை ஹோங்தான் ஆண்டிருக்க வேண்டும் என்பதில்லை. 1853 முதல் அரசாணைகளை உண்மையில் நடத்தியவர் யாங். கன்பூசிய நூல்களை முற்றாக எரிப்பதைப் பிதாவின் குரலில் தடுத்து நிறுத்தியவரும் அவரே. ஹான் லின்அருக்கு நேர்ந்த கதி ஹோங்குக்கும் நேர்ந்திருக்கலாம். அப்போது நான் சொன்ன மாதிரி அப்படியே பொருந்தும்.

இன்னொன்று. கிளர்ச்சியை அடக்கப் பெய்ஜிங்கிடம் பணமில்லாததால்தான் 1853இல் யாங்சோவ் அருகே சரக்குகள்மீது லிஜின் என்ற வழிச்சுங்கம் தொடங்கியது. மாநில ஆளுநர்கள் அதைத் தாங்களே வசூலித்து, தங்களுக்கே விசுவாசமான படைகளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். செங் குவோஃபானும் லி ஹோங்சாங்கும் அவ்வாறு எழுந்தவர்களே. மையத்திடமிருந்து நழுவிய அந்த வரியும் படையும் முழுமையாகத் திரும்பவில்லை; 1916க்குப் பிந்தைய படைத்தலைவர்களின் காலத்துக்கு வேர் அங்கே இருப்பதாகப் பலர் கருதுகிறார்கள். 1853இல் விரைவாக முடிந்த போர் இந்த ஏற்பாட்டுக்கு இடமே தந்திருக்காது. கீழ் யாங்சி வட்டாரத்தில் மாண்ட கோடிக்கணக்கானோரும் பிழைத்திருப்பார்கள்.


மருதன்:

எல்லோரும் யாங்சிக் கரையிலேயே நிற்கிறீர்கள். எல்லைப்புறத்தை யாரும் தொடவில்லை.

சிங் பேரரசர் ஹான் மக்களுக்கு வானத்தின் மைந்தர், மங்கோலியருக்குக் கான், திபெத்தியருக்குப் பௌத்தத்தின் புரவலர். மங்கோலியாவும் திபெத்தும் சின்ஜியாங்கும் இந்த மஞ்சு அரசகுலத்தோடுதான் பிணைக்கப்பட்டிருந்தன. நான்ஜிங் நகரத்து மஞ்சுக் காவற்படையினரைக் குடும்பங்களோடு கொன்றுகுவித்து, பௌத்த விகாரைகளைச் சிலைகளோடு இடித்துத்தள்ளிய ஓர் அரசிடம் லாசாவும் மங்கோலிய இளவரசர்களும் பணிந்திருப்பார்கள் என்று எண்ண இடமில்லை. செங்கே ரின்சென் விடாப்பிடியாகச் சண்டையிட்டதே இதற்குப் போதிய சான்று. மஞ்சு அரசவை மஞ்சூரியாவுக்குப் பின்வாங்கி, மங்கோலியரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, ரஷ்யாவிடம் பாதுகாப்புக் கேட்டிருக்கும். அமூர் ஆற்றின் வடகரையை 1858இலும் உசூரி ஆற்றுக்குக் கிழக்கிலுள்ள நிலத்தை 1860இலும் ரஷ்யா எடுத்துக்கொண்டதை நினைத்தால், அந்தப் பாதுகாப்புக்கு என்ன விலை கேட்கப்பட்டிருக்கும் என்பது விளங்கும்.

யுன்னானில் 1856 முதல் து வென்சியூ தலைமையில் முஸ்லிம்கள் தாலியில் தனியாட்சி நடத்தினார்கள். 1862 முதல் ஷான்சி, கான்சு மாநிலங்களில் ஹுய் முஸ்லிம்களின் கிளர்ச்சி பரவியது. சின்ஜியாங் எப்போதும் உள்மாநிலங்கள் அனுப்பும் வெள்ளியில் உயிர்வாழ்ந்த எல்லை; தைப்பிங் போரால் அந்த வெள்ளி நின்றதும் 1864இல் அது கைவிட்டுப் போயிற்று. யாகூப் பெக் அங்கே தனியரசு அமைத்தார். சிங் தளபதி சுவோ சோங்தாங் 1876 முதல் 1878 வரை அதை மீட்டது, சுங்க வருவாயை ஈடுகாட்டி அந்நியரிடம் வாங்கிய கடனில். 1884இல் அது மாநிலமானது.

கடலோடி சொன்ன அபின் போர் மூண்டிருந்தால் தைப்பிங் அரசுக்கு அந்தக் கடனை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். கொடுத்திருந்தாலும், ஹக்கா விவசாயிகளின் தலைமையில் தெற்கிலிருந்து எழுந்த ஓர் அரசு, வருவாயே தராத பாலைநிலத்துக்காக இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் படை அனுப்பியிருக்குமா என்பது ஐயமே. லி ஹோங்சாங்கே அதைக் கைவிட்டுக் கடற்படைக்குச் செலவிடலாம் என்று 1870களில் வாதிட்டவர்தான். எனவே தைப்பிங் சீனா என்று ஒன்று நிலைத்திருந்தால், அது பெரும்பாலும் மிங் காலத்து எல்லைகளுக்குள், பெருஞ்சுவருக்குத் தெற்கே அடங்கிய நாடாகவே இருந்திருக்கும்.